எனக்குக் கேட்காத விசாரணை

அந்த உத்தரவு மொத்தமே ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால் பங்கு, புகாரில் நான் எழுதியதையே திருப்பிச் சொல்லியிருந்தார்கள். முடிவு கடைசிப் பத்தியில் மூன்று வரியில் இருந்தது. "இருதரப்பும் காணொலி வழியாகக் கேட்கப்பட்டது. நிர்வாகத்தின் பதில் பரிசீலிக்கப்பட்டது. பதவி உயர்வு நிர்வாகத்தின் முடிவு சார்ந்தது என்பதால் புகார் முடித்து வைக்கப்படுகிறது."

எனக்கு இரண்டு காதும் கேட்காது. அன்றைக்கு நடந்த காணொலி விசாரணையில் ஒரு வார்த்தைகூட என்னிடம் வந்து சேரவில்லை. 'கேட்கப்பட்டது' என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது கோபத்தைவிட ஒரு திகைப்புதான் முதலில் வந்தது. நாம் அங்கே இருந்தோமா இல்லையா என்றே சந்தேகம் வருகிற மாதிரியான திகைப்பு. பதினாறு மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவு ரத்தானது. ரத்தாவதற்கு முக்கியமான காரணம் அதே சொல்தான்.

வேலையிடத்தில் பாகுபாடு என்று புகார் கொடுத்து, அது தள்ளுபடியாகி, இனி என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனம் எது, புகாரை முடித்து வைத்த அலுவலகம் எது என்று சொல்லப் போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது. ஆட்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை.

தென்மாவட்டம் ஒன்றில், அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தில் உதவியாளராக இருந்தேன். 2015-இல் எனக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் தினமும் ஊசி. அந்த வகை ஊசி மருந்துகள் சிலருக்கு உட்செவியைப் பாதிக்கும். எனக்குப் பாதித்தது. நோய் குணமானது, காது போய்விட்டது. இரண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு என்று சோதனையில் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அது 'காது கேளாதவர்' என்ற வகை.

பேசுவதில் எனக்குக் குறை இல்லை. முப்பத்தைந்து வயது வரை கேட்டுப் பேசி வாழ்ந்தவள். எதிரில் இருப்பவர் எழுதிக் காட்டினால், அல்லது பேசுவதை எழுத்தாக்கும் செயலியைப் போனில் திறந்து வைத்தால், எந்த உரையாடலும் நடக்கும். சைகை மொழி எனக்குத் தெரியாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காது கேட்காதவர் என்றாலே சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறவியிலேயே கேட்காதவர்களுக்கு அது உயிர்நாடி. வளர்ந்த பிறகு செவி இழந்த என்னைப் போன்றவர்களுக்கு எழுத்துதான் வழி. எங்கே போனாலும் 'எனக்கு உதவி வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், என்ன உதவி, எந்த வடிவில் என்று துல்லியமாக எழுதிக் கொடுங்கள்.

2021-இல் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்குப் பட்டியல் போட்டார்கள். காலியிடம் ஆறு. சீனியாரிட்டியில் நான் நான்காவது. என்னைத் தாண்டி ஏழாவது ஆள் வரைக்கும் கொடுத்தார்கள். காரணம் கேட்டபோது, பொதுமக்களோடு போனில் பேச வேண்டிய பதவி, உங்களால் முடியாது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதாவது, சொன்னதைப் பக்கத்தில் இருந்த தோழி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாள். அந்தத் தாளை நான் பத்திரப்படுத்தவில்லை. இன்றைக்கும் அதற்கு வருத்தப்படுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு நேரடியாகவே பேசுகிறது. அரசு நிறுவனம் எதுவும் வேலை சம்பந்தமான விஷயத்தில் மாற்றுத்திறனாளிக்குப் பாகுபாடு காட்டக் கூடாது. நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். ஊனத்தை மட்டுமே காரணமாக வைத்துப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. 'நியாயமான வசதி' செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்று 2-ஆவது பிரிவில் விளக்கமும் இருக்கிறது. போன் வேலையைச் சக ஊழியருக்கு மாற்றிவிட்டு அவருடைய கடிதப் போக்குவரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், பொதுமக்களுக்கு மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண் கொடுக்கலாம் என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை.

முதலில் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தேன். 23-ஆவது பிரிவுப்படி, புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம்தான் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் உள்ள வெளி அமைப்புக்குப் போனேன்.

விசாரணை அறிவிப்பு வந்தது. காணொலி வழியாக, காலை 11 மணிக்கு. மறுநாளே ஒரு கடிதம் எழுதினேன். 'எனக்குக் காது கேட்காது. கேள்விகளைத் திரையில் தட்டச்சு செய்து காட்ட வேண்டும், அல்லது நேரில் அழைத்து எழுத்து மூலம் விசாரிக்க வேண்டும். நிர்வாகம் கொடுக்கும் பதிலின் நகலை முன்கூட்டியே எனக்குத் தர வேண்டும்.' மூன்றே வாக்கியம். தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அப்போது அதை ஒரு பழக்கமாகத்தான் செய்தேன். அந்த சீல் இல்லையென்றால் பின்னால் வழக்கே இல்லை.

விசாரணை அன்று கல்லூரியில் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதை எழுதிக் காட்டலாம் என்று ஏற்பாடு. இணைப்பு வந்தது. நான்கு சதுரங்களில் நான்கு முகங்கள். மகள் எழுத ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் இருக்கும், அவள் பேனா நின்றது. திரையைப் பார்த்து ஏதோ சொன்னாள், மறுபடியும் சொன்னாள், முகம் சிவந்தது. பிறகு தாளில் எழுதினாள்: "வெளியாள் இருக்கக் கூடாதாம்மா. நான் போகணுமாம்." எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு பதினெட்டு நிமிடம் நான்கு வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை "எனக்குக் கேட்கவில்லை, எழுதிக் காட்டுங்கள்" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவர் தலையசைத்தார். பிறகு திரை இருண்டது.

2022 மார்ச்சில் உத்தரவு வந்தது. முதலில் சொன்னேனே, அந்த மூன்று வரி.

அடுத்த நான்கு மாதத்தை நான் வீணடித்தேன். மேலிடங்களுக்கு மனு, நினைவூட்டல் மனு, மறுபடியும் மனு. மறுபரிசீலனை செய்வார்கள் என்ற நம்பிக்கை. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு (அரசு அமைப்பின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு) போடுவதற்கு இத்தனை நாள் என்று கெடு கிடையாது. ஆனால் தாமதத்துக்கு நியாயமான விளக்கம் இல்லையென்றால் அதை வைத்தே நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தேன் என்பது நல்ல விளக்கம் ஆகாது. உத்தரவு கைக்கு வந்த அன்றே அதன் உறையைக்கூடத் தூக்கிப் போடாமல் தேதியோடு எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் வக்கீலைப் பாருங்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். வக்கீல் செலவுக்காக வளையலை அடகு வைத்தேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றத்திலும் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. இது எனக்கு மனு தாக்கலான பிறகுதான் தெரிந்தது. முதலில் அங்கே விசாரித்துவிட்டு அப்புறம் அடகுக் கடைக்குப் போகலாம்.

வக்கீல் மேடத்தை முதல் தடவை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் முப்பது பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை முழுக்கப் படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கத் தலைப்பு 'என்ன முடிவு?' வலது பக்கம் 'எப்படி எடுத்தார்கள்?' என் முப்பது பக்கத்தையும் வரி வரியாகப் பிரித்து அதில் நிரப்பினார். பதவி உயர்வுக்கு எனக்கு இருக்கும் தகுதி, இருபது வருட சர்வீஸ், வாங்கிய பாராட்டு, என்னைவிட ஜூனியர்களுக்குக் கொடுத்தது, மேலதிகாரி பேசிய பேச்சு எல்லாம் இடது பக்கம் போய் நிறைந்தது. வலது பக்கம் நான்கே வரி. கேட்ட வசதி தரவில்லை, மகளை வெளியே அனுப்பினார்கள், நிர்வாகத்தின் பதிலை எனக்குக் காட்டவில்லை, உத்தரவில் காரணம் இல்லை. அந்த நான்கு வரிக்கும் அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு எழுதினார்: "ரிட்டுக்கு இதுதான்மா வேணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நடந்த அநியாயமே இடது பக்கத்தில்தானே இருக்கிறது? அவர் பொறுமையாக விளக்கினார். ரிட் மனு என்பது மேல்முறையீடு இல்லை. சாட்சியங்களை மறுபடி எடைபோட்டு 'அவர் முடிவு தப்பு, என் முடிவு சரி' என்று உயர் நீதிமன்றம் பொதுவாகச் சொல்லாது. சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் பஸ்ஸுக்கு பெர்மிட் கேட்டு எழுந்த சையத் யாகூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அப்போதே தெளிவாக்கிவிட்டது. 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அதிகார வரம்பை மீறியிருந்தால், ஒருவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பே தராமல் முடிவெடுத்திருந்தால், ஆவணத்தின் முகத்திலேயே தெரிகிற சட்டப் பிழை இருந்தால் நீதிமன்றம் தலையிடும். உண்மை விவரங்களைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்குத் தலையிடாது. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கிலும் இதையேதான் சொன்னார்கள். நீதிமன்றம் பார்ப்பது முடிவை அல்ல, முடிவுக்கு வந்த வழியை.

இதை முதலிலேயே புரிந்துகொண்டவருக்குப் பாதி வேதனை மிச்சம். புகாரை விசாரிக்கிற கட்டத்திலேயே வலது பக்கத்துக்கான ஆதாரங்களைச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். என்ன கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள், என்ன மறுத்தார்கள் என்பதற்கெல்லாம் தாள் வேண்டும். காணொலி முடிந்த அன்று மாலையே, நடந்ததை எழுதி 'இன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை, மகளை அனுமதிக்கவில்லை' என்று அந்த அலுவலகத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அழுதுகொண்டே அனுப்பியது. உத்தரவு வருவதற்கு முன்னாலேயே அனுப்பிய கடிதம் என்பதால், தோற்ற பிறகு ஜோடித்த கதை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அடுத்தது கோப்பு. மேடம் சொன்னபடி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரே பக்கம். 'என் புகார் தொடர்பான முழுக் கோப்பு, குறிப்புப் பக்கங்கள் உட்பட, நகல் வேண்டும்.' 'ஏன் தள்ளுபடி செய்தீர்கள்' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அது விளக்கம் கேட்பது, தகவல் இல்லை என்று திருப்பிவிடலாம். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்டால் மறுப்பது கஷ்டம். முப்பது நாள் கெடு. இருபத்தெட்டாவது நாள் உறை வந்தது.

குறிப்புப் பக்கத்தில் ஓர் உதவியாளர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மனுதாரர் செவித்திறன் இல்லாதவர். எழுத்து மூலம் விசாரிக்கக் கோரியுள்ளார். உத்தரவுக்காக.' அதற்குக் கீழே வேறொரு கையில், வேறு மையில் இரண்டே சொல். 'வழக்கம்போல் காணொலி.' நான் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் என் கடிதத்தைப் படித்திருக்கிறார், எனக்காக ஒரு வரி எழுதியிருக்கிறார் என்பது ஆறுதலாக இருந்தது. நிர்வாகத்தின் பதில் விசாரணைக்கு இரண்டு நாள் முன்னதாகவே கோப்பில் சேர்ந்திருந்தது. எனக்கு அனுப்பியதற்கான அடையாளம் எதுவும் கோப்பில் இல்லை.

மனுவில் எதைக் கேட்பது என்பதில் எங்களுக்குள் பெரிய விவாதம். எனக்கு வேண்டியது பதவி உயர்வு. நீதிமன்றமே நேராகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அப்படிக் கேட்டால் பதவி உயர்வு பெற்ற மூன்று ஜூனியர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டிவரும், வழக்கு இழுக்கும், அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றார் மேடம். கடைசியில், நம் உயர் நீதிமன்றத்தில் வழக்கமாகப் போடும் 'செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்' வடிவத்திலேயே போட்டோம். அதாவது கோப்பை வரவழைத்துப் பார்த்து உத்தரவை ரத்து செய்ய வேண்டும், அதன் தொடர்ச்சியாக, எழுத்து மூலம் வாய்ப்புத் தந்து புதிதாக விசாரித்துக் காரணத்தோடு உத்தரவு போடச் சொல்ல வேண்டும். முதல் எதிர்மனுதாரர் புகாரை முடித்து வைத்த அமைப்பு, இரண்டாவது என் நிறுவனம். யாரைச் சேர்க்கிறோம், என்ன கேட்கிறோம் என்ற இந்த ஒரு பத்தியில் கவனம் தவறினால் மற்றது எத்தனை பக்கம் எழுதினாலும் பயனில்லை.

சட்டக் காரணங்களில் நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றை மேடம் முதலாவதாக வைத்தார். அதே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. நீதிமன்றம், தீர்ப்பாயம் மட்டுமில்லை, விசாரணை அதிகாரம் உள்ள எந்த அமைப்பையும் மாற்றுத்திறனாளிகள் பாகுபாடு இல்லாமல் அணுக முடிய வேண்டும் என்கிறது அது. பாகுபாட்டுப் புகாரை விசாரித்த விதத்திலேயே பாகுபாடு நடந்திருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம். கூடவே, 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு எழுத ஆள் தர மறுத்த வழக்கு அது. நியாயமான வசதி என்பது சலுகை இல்லை, சமத்துவத்தின் பகுதி, ஒவ்வொருவருடைய தேவையையும் தனித்தனியாகப் பார்த்துத் தர வேண்டியது என்று அதில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸில் இறங்கினால் யானைமலை அப்படியே படுத்திருக்கும். முதல் நாள் போனபோது, உள்ளே போய் என்ன செய்யப் போகிறேன், எதுவும் கேட்கப் போவதில்லையே என்று மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனுதாரர் ஒவ்வொரு தடவையும் வர வேண்டியதில்லை, வக்கீல் போதும். இருந்தாலும் முக்கியமான இரண்டு நாள் போனேன். நீதிமன்ற அறைக்கு வெளியே எத்தனையாவது வழக்கு நடக்கிறது என்று காட்டும் பலகை இருக்கிறது. அந்த எண் மாறுவதை என்னால் பார்க்க முடியும். மற்றவர்கள் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க, நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒரு பலகை வைத்தால் எங்கள் பாடு எவ்வளவோ குறையும்.

நிறுவனம் பதினான்கு பக்கத்தில் ஒரு பதில் மனு போட்டது. அதைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை. போன் பேச முடியாது என்ற காரணம் பின்னுக்குப் போய்விட்டது. என் மந்தண அறிக்கையில் (சி.ஆர். என்பார்கள், மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதும் மதிப்பீடு) மேற்பார்வைத் திறன் சராசரி என்று இருக்கிறதாம், அதனால்தான் கொடுக்கவில்லையாம். இதற்கு முன் எந்தத் தாளிலும் இல்லாத காரணம். நான் மறுப்புக்கு மறுப்பாக இருபது பக்கம் எழுதக் கிளம்பினேன். மேடம் தடுத்தார். 1978-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கும் மொகிந்தர் சிங் கில் தீர்ப்பைக் காட்டினார். ஓர் அதிகாரி போட்ட உத்தரவு அதில் சொல்லப்பட்ட காரணத்தில்தான் நிற்க வேண்டும், விழ வேண்டும். பின்னால் நீதிமன்றத்துக்கு வந்து பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது. உத்தரவுகள் நாளாக ஆகச் சுவை கூடும் பழைய ஒயின் இல்லை என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் அதில் எழுதியிருக்கிறார். எங்கள் பதில் மூன்று பக்கத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு புதுக் காரணம் கொண்டுவந்தால் பதறாதீர்கள். அது பல நேரம் பழைய காரணம் நிற்காது என்று அவர்களே ஒப்புக்கொள்வதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போயிருக்கலாமே, நேராக ஏன் இங்கே வந்தார் என்றும் ஆட்சேபம் வைத்தார்கள். இது எல்லா ரிட் மனுவிலும் வரும் ஆட்சேபம். இயற்கை நீதி, அதாவது ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற நியதி, மீறப்பட்டிருந்தால் மாற்று வழி இருப்பது தடை ஆகாது என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டியதும் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இறுதி விசாரணை அன்று அறைக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும், அதனால் செயலி இல்லை. மேடத்தின் ஜூனியர், சின்னப் பெண், என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த நோட்டுப் பக்கத்தை அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

"ஜட்ஜ்: ரிப்ளை காப்பி இவங்களுக்குக் கொடுத்தீங்களா?"
"அரசு வக்கீல்: ஃபைல்ல இல்லை."
"ஜட்ஜ்: எழுத்துல கேட்டிருக்காங்களே, சீல் இருக்கே?"
"கம்பெனி வக்கீல்: சி.ஆர். சராசரி."
"ஜட்ஜ்: அது ஆர்டர்ல எங்க இருக்கு?"
"அக்கா, நல்லா போகுது."

கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பதினெட்டு நிமிடம் நடந்த அந்தக் காணொலியில் புரியாதது, இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் முழுக்கப் புரிந்தது. ஒரு பேனாவும் பக்கத்தில் உட்கார மனமுள்ள ஓர் ஆளும் இருந்தால் போதும் என்பதைத்தானே நான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்? 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

2023 ஜூலையில் தீர்ப்பு. உத்தரவு ரத்து. நிர்வாகத்தின் பதில் நகலை எனக்குக் கொடுத்து, எழுத்து மூலம் முழு வாய்ப்புத் தந்து, பன்னிரண்டு வாரத்துக்குள் காரணங்களோடு புதிய உத்தரவு போட வேண்டும். என் பதவி உயர்வைப் பற்றி நீதிமன்றம் எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் "ஜெயிச்சாச்சா?" என்று சைகையால் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்றே முக்கால் வருடம் ஓடி, மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம். 'ரிமாண்ட்', அதாவது புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்புவது, வக்கீல்களுக்கு வெற்றி, நமக்குச் சோர்வு. இதற்கு மனதை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். நீதிமன்றம் மன்னிப்பு வாங்கித் தராது, நஷ்ட ஈடு தருவது அபூர்வம். பெரும்பாலும் சரியான முறையில் இன்னொரு விசாரணைதான் கிடைக்கும். ஆனால் இரண்டாவது விசாரணை முதலாவதைப் போல இருக்காது. உயர் நீதிமன்ற உத்தரவின் நகல் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கும்போது எல்லோருடைய கையும் கவனமாக எழுதுகிறது.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. பாகுபாடு கூடாது என்ற பொதுவான 3-ஆவது பிரிவும், சம வாய்ப்புக் கொள்கை வகுத்து வெளியிட வேண்டும் என்ற 21-ஆவது பிரிவும் உங்களுக்கும் உதவும். தனியார் முதலாளிமீது நேரடியாக ரிட் போவது பொதுவாக நிற்காது. ஆனால் உங்கள் புகாரைத் தள்ளுபடி செய்த அரசு அமைப்பின் உத்தரவை எதிர்த்துப் போகலாம்.

அக்டோபரில் புதிய விசாரணை, நேரில். ஒரு தட்டச்சர் கேள்விகளைத் தமிழில் அடித்துத் திரையை என் பக்கம் திருப்பினார். நான் வாயால் பதில் சொன்னேன், அதையும் அடித்தார். நிர்வாகத்தின் பதில் ஒரு வாரம் முன்னதாகவே என் கையில் இருந்ததால், ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு தயாராக வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம். முடிவில் பதினோரு பக்கம் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து வந்த உத்தரவு ஒன்பது பக்கம். போன் வேலையை மாற்றிக் கொடுக்க முடியாது என்பதற்கு நிர்வாகம் எந்த ஆதாரமும் காட்டவில்லை, பதவி உயர்வை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பரிந்துரை. இப்படிப்பட்ட பரிந்துரையை ஏற்கவில்லையென்றால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எண்பத்தாறாவது நாள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

2024 நடுவிலிருந்து கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் மேசையில் போன் கிடையாது, ஒரு டேப்லெட் இருக்கிறது. 2021-இலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டிய சம்பள வித்தியாசம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகலில் தேதியோடு சீல் வாங்கியாகிவிட்டது.